கைப்பிடியில் படாத மை

பள்ளிப் பேருந்தின் கடைசி வரிசையில் மெரின் தன் பையைப் போட்டு ஹெட்டிக்கு இடம் பிடித்தாள். ஐந்தாம் வகுப்பிலிருந்து அந்த இடம் அப்படித்தான் பிடிக்கப்பட்டு வந்தது. வெளியே அறுத்து முடித்த கோதுமை வயல்கள் வெளிறிக் கிடந்தன. டிசம்பர் வெயிலில் இருக்கை தொடையில் ஒட்டியது. இனி பிப்ரவரி வருகிற வரை பள்ளி இல்லை.

உலகின் தென்பாதியில் இருக்கும் கெர்வன் துறைக்கு டிசம்பர்தான் கோடை. கோடை என்றால் மெரினுக்குக் காலையில் நண்டு பிடிப்பது, மத்தியானம் பாலத்திலிருந்து கடலில் குதிப்பது, மாலையில் கணவாய் மீன். மூன்றிலும் ஹெட்டி உண்டு. எல்லாம் போய்ச் சேருவது புத்தாண்டுக் காலையில் நடக்கும் கணவாய்ப் போட்டியில். அதில் இருவர் இருவராகத்தான் சேர முடியும். ஒருத்தி தூண்டில், மற்றவள் வலை. கடலுக்குள் நீளும் அந்த மரப்பாலம் தண்ணீரைவிட நல்ல உயரம். பெரிய கணவாயைத் தூண்டில் நரம்போடு அப்படியே தூக்கினால் அதன் கரம் பிய்ந்து தண்ணீருக்கே திரும்பிவிடும். கயிற்றில் வளைய வலையை இறக்கி, ஏந்தித்தான் ஏற்ற வேண்டும். ஹெட்டிக்குத் தூண்டில், மெரினுக்கு வலை. சென்ற ஆண்டு ஒரே ஒரு கணவாயில் முதலிடம் கை நழுவியது.

"இந்த வருஷம் விடக்கூடாதுடி. நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்," என்றாள் மெரின்.

ஹெட்டி சிப்ஸ் பொட்டலத்தின் அடியிலிருந்த தூளை வாயில் கொட்டிக்கொண்டாள். "நாளைக்கு சாஸ்கியா வர்றா."

"அது யாரு?"

"அடிலெய்டு பொண்ணு. எங்க பூங்காவுல ஜனவரி வரைக்கும் கேரவன் போடப் போறாங்க. போன வாரம் இடம் பாக்க வந்தப்ப என்னைப் படம் வரைஞ்சு குடுத்தா. மூக்கை எவ்ளோ அழகா ஆக்கிட்டா தெரியுமா?"

"உன் மூக்கை அழகாக்கணும்னா திறமைசாலிதான்."

வழக்கமாக இதற்கு ஹெட்டி முழங்கையால் ஒரு இடி கொடுப்பாள். அன்று கொடுக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அது மெரினைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இல்லை.

ஹெட்டியின் பெற்றோர், வெளியூர்க்காரர்கள் தங்கள் வண்டிவீடுகளை நிறுத்தித் தங்கும் கேரவன் பூங்கா நடத்துகிறவர்கள். ஒவ்வொரு கோடையிலும் யாராவது ஒரு நகரத்துப் பெண் வருவாள். ஈக்களைத் திட்டுவாள், வெயிலில் தோல் உரிந்து திரும்பிப் போவாள். இவளும் அப்படித்தான் போவாள் என்று மெரின் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் மாலை பாலத்துக்குப் போனபோது மூன்றாவது விளக்குக் கம்பத்தடியில் ஹெட்டி நின்றிருந்தாள். அவளுக்கு இடப்பக்கம், மெரின் வழக்கமாக நிற்கிற இடத்தில், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு நெட்டைப் பெண். கையில், ஹெட்டி வீட்டில் வைத்திருக்கும் மெரினுடைய வலை.

"நீ வர லேட்டாச்சா, அதான் சும்மா புடிச்சுப் பாக்கட்டும்னு குடுத்தேன்," என்றாள் ஹெட்டி.

"ரொம்ப நல்ல வலை," என்றாள் சாஸ்கியா. "முடிச்செல்லாம் நீயே போட்டியாமே? எனக்கு ஷூ கயிறே ஒழுங்கா கட்ட வராது."

அவள் ஈக்களைத் திட்டவில்லை. ஹெட்டி சொன்ன கணவாய்க் கதைகளுக்கெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மெரின் அவற்றை நூறு முறை கேட்டவள். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தும், சிரித்து வெகுநாளாயிற்று என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஹெட்டி பலகையைக் காலால் தட்டிக் காட்டினாள். "இங்க பாரு, கருப்பா சிதறியிருக்கு இல்ல? கணவாய் மை. மேல தூக்கும்போது பீச்சி அடிக்கும். எங்க மை கருப்பா இருக்கோ அங்க நேத்தோ இன்னிக்கோ கணவாய் ஏறியிருக்கு. பழுப்பா போயிருந்தா பழைய கதை."

"அப்போ பாலமே செய்தித்தாள் மாதிரி!"

"ஐயோ, ஆமாடி!" ஹெட்டிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "மெரின், கேட்டியா?"

மெரின் கேட்டாள். மையைப் படிக்க ஹெட்டிக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

அதற்குப் பிறகு காலை நண்டுக்கு மூன்று பேர் போனார்கள். மத்தியானம் குதிக்க மூன்று பேர் போனார்கள். பிறகு ஒருநாள் மெரின் பூங்காவுக்குப் போனால், "ரெண்டு பேரும் அப்பவே கெளம்பிட்டாங்களேம்மா," என்றாள் ஹெட்டியின் அம்மா. மெரின் காலி வாளியோடு வீட்டுக்குத் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை ஹெட்டி மென்று விழுங்கிச் சொன்னாள். "போட்டிக்கு சாஸ்கியாவும் வரணும்னு ஆசைப்படறா. மூணு பேரா சேர முடியாதே. நாளைக்குச் சாயங்காலம் அவ வலை போட்டுப் பாக்கட்டும். நல்லா வந்தா... தெரியலடி. ஞாயித்துக்கிழமை சொல்றேன்."

"சரி."

"கோவமா?"

"எனக்கு என்ன கோவம்?"

ஹெட்டி நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுப் போனாள். அதை அவள் நம்பியதுதான் மெரினுக்குப் பொறுக்கவில்லை. பழைய ஹெட்டி நம்பியிருக்க மாட்டாள்.

அன்று பிடித்த கணவாய்களைப் பாலத்தடி மேடையில் சுத்தம் செய்யும்போது மெரின் மைப்பைகளை எறியவில்லை. வெள்ளிபோல் மினுங்கும் அந்தச் சின்னப் பைகளை ஒரு ஜாம் புட்டியில் பிதுக்கினாள். கொஞ்சம் கடல்நீர் விட்டுக் குலுக்கினாள். அப்போது அவள் மனத்தில் முழுத் திட்டம் எதுவும் இல்லை. இருந்தாலும் புட்டியை மூடி கவனமாக வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

சனிக்கிழமை காலை அம்மா குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கத்தினாள். அறுத்த தானியம் வந்து குவியும் காலத்தில் அவளுக்குக் கிடங்கில் வேலை. விடியும் முன்பே கிளம்ப வேண்டும்.

"இந்த ஜாம் பாட்டில்ல என்னடி இருக்கு? ரொட்டிக்குத் தடவற வெஜிமைட்னு நெனச்சு எடுத்துத் தடவிட்டேன்!"

"சாப்ட்டியா?"

"மோந்து பாத்தேன், உயிரோட இருக்கேன். என்ன இது?"

"கணவாய் மை. ஒரு பரிசோதனைக்கு."

"உன் பரிசோதனையை வெண்ணெய் பக்கத்துல வைக்காத," என்ற அம்மா, தலைத்துணியைக் கட்டிக்கொண்டே அவளை ஒரு பார்வை பார்த்தாள். "ஹெட்டி எங்க இந்தப் பக்கமே காணோம்?"

"பிசி."

மத்தியானம் வடகாற்று உலைபோல் அடித்தது. பாலத்தில் ஒரு நாய்கூட இல்லை. மெரின் புட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனாள். கரைக்குப் பக்கத்தில் ஒரு இடம் அவளுக்கு மட்டும் தெரியும். மேலிருந்து பார்த்தால் மற்ற இடங்களைப் போலத்தான் இருக்கும். ஆனால் அடியில் கடற்புல் கிடையாது, வெறும் மணல். புல் இல்லாத இடத்தில் கணவாய் நிற்காது. மூடியைத் திறந்தாள். நாற்றம் மூக்கில் ஏறியது. பலகையின் மேல் ஒரு வீச்சு, இன்னொரு வீச்சு. கருகருவென்று விழுந்தது. மூன்றாவது வீச்சோடு மை தீர்ந்தது. புட்டியைக் கடலில் கழுவிக்கொண்டு ஓடிவந்தாள்.

மாலையில் காற்று அடியோடு நின்றது. கடல் எண்ணெய்போல் கிடந்தது. மெரின் மூன்றாவது விளக்கடியில் தூண்டிலோடு நின்றாள். தூரத்தில் இருவரும் வருவது தெரிந்தது. சாஸ்கியா குனிந்து குனிந்து பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். திடீரென்று துள்ளினாள்.

"ஹெட்டி! மை! புத்தம் புதுசு!"

ஹெட்டி கையைத் தூக்கி ஆட்டினாள். "மெரின், பாத்தியா! எப்படித் தேறிட்டா! நாங்க இங்கயே நிக்கறோம்டி!"

மெரினும் கையை ஆட்டினாள்.

சூரியன் கடலை நோக்கி இறங்கியது. மெரினுக்கு முதலில் ஒரு சின்னக் கணவாய் வந்தது. பிறகு இன்னொன்று. வாளிக்குள் அவை நிறம் மாறி மாறிப் பொருமின. அந்தப் பக்கம் ஹெட்டி தூண்டில் நுனியில் கட்டிய பொம்மை இறாலை வீசுவதும் இழுப்பதும், வீசுவதும் இழுப்பதுமாக இருந்தாள். சாஸ்கியா வலையைத் தயாராகப் பிடித்துக்கொண்டு காவல்காரன்போல் நின்றாள். மெரின் நினைத்தபடியே எல்லாம் நடந்தது. ஆனால் வெறும் மணலிலும் அவர்கள் இருவரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதை மெரின் நினைத்திருக்கவில்லை. ஒன்றும் கிடைக்காதபோது மெரினோடு நின்ற ஹெட்டி எப்போதும் உர்ரென்றுதான் இருப்பாள்.

அப்போது தூண்டில் வளைந்தது. நரம்பு அறுபடுகிற மாதிரி இழுத்தது. தண்ணீர் மட்டத்தில் ஒரு தலையணை அகலத்துக்குச் செம்பழுப்பாக ஏதோ எழுந்தது.

"வலை!"

தன் குரல்தான் என்று தெரிவதற்குள் கத்திவிட்டாள். ஹெட்டி அவளைப் பார்த்துக் கத்தும் சொல் அது. பலகை அதிர யாரோ ஓடிவந்தார்கள். சாஸ்கியா.

"எங்க இறக்கணும்? இங்கயா?"

"முன்னால இல்ல! அது பின்னாலதான் பாயும். வாலுக்குப் பின்னால கொண்டு போ! இன்னும்! ஆங், தூக்கு!"

சாஸ்கியா கயிற்றை மடமடவென்று இழுத்தாள். வலை கைப்பிடிக் கம்பியைத் தாண்டும்போது கணவாய் அடித்தது. கம்பியில், விளக்குக் கம்பத்தில், பலகையில், வெள்ளைச் சட்டையில், மூக்கில் என்று எங்கும் மை. பின்னால் வந்த ஹெட்டி பாலத்திலேயே உட்கார்ந்து சிரித்தாள். சாஸ்கியா முகத்தைத் துடைக்க, மை காதுவரை போயிற்று. "நான் செய்தியாயிட்டேன்!" என்றாள். மெரினின் உதடுகூட ஒரு கணம் கோணியது.

"இவ்ளோ தூரம் அடிக்குமா?" சாஸ்கியா வரைகிறவளின் கண்ணோடு சுற்றிப் பார்த்தாள். "கம்பியெல்லாம் ஒழுகுது பாரு. ஆனா எங்க இடத்துல கம்பியில ஒரு துளிகூட இல்லையே? அங்க கணவாய் கம்பிக்கு மேல வராம, பலகையிலேர்ந்து முளைச்சுதா?"

ஹெட்டியின் சிரிப்பு நின்றது. எழுந்து அந்த இடத்துக்கு நடந்தாள். குனிந்து பார்த்தாள். கைப்பிடியை விரலால் தடவி, அந்த விரலைப் பார்த்தாள். திரும்பி வரும்போது மெரினின் கண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"காத்து," என்றாள் சாஸ்கியாவிடம். "காத்தடிச்சா அப்படித்தான் விழும். நீ போய்க் குழாயில சட்டையை அலசு. காஞ்சா போகாது."

சாஸ்கியா கரைக்கு ஓடினாள். அவள் குழாயை எட்டும்வரை ஹெட்டி காத்திருந்தாள்.

"அவ நிக்கணும்னுதானே ஊத்துன?"

மெரின் வாளியைப் பார்த்தாள்.

"நானும்தான்டி நின்னேன். சாயங்காலம் பூரா. தூண்டில்ல ஒரு புல்லுகூட மாட்டாத வெறும் மணல்ல."

"உன்னை நெனச்சுப் பண்ணல. அவளுக்காகத்தான்..."

"நான் அவகூடத்தானே நின்னேன்?"

மெரின் குனிந்து வாளியைக் கம்பியோரம் தள்ளி வைத்தாள்.

"நாளைக்குச் சொல்றேன்னு சொன்னேன்ல?" என்றாள் ஹெட்டி. "உன்னைத்தான் சொல்ல இருந்தேன்னெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். எனக்கே தெரியாம இருந்துச்சு. இப்போ தெரிஞ்சுது. அவகூடத்தான் சேரப் போறேன்."

"அவகிட்ட சொல்லப் போறியா?"

"மாட்டேன். இந்த ஊர்க்காரங்களே இப்படின்னு நெனச்சுப்பா." ஹெட்டி தன் தூண்டிலை எடுத்துக்கொண்டாள். "கழுவிடு அதை."

மை சிந்தியவர்களே கழுவ வேண்டும் என்பது அந்தப் பாலத்தின் வழக்கம். கைப்பிடியில் கயிறு கட்டிய வாளியும் தேய்க்கும் தூரிகைகளும் எப்போதும் தொங்கும். மெரின் கடல்நீர் மொண்டு, மணல் இடத்துப் பலகையில் ஊற்றித் தேய்த்தாள். காலையிலிருந்து வெயிலில் காய்ந்த மரம் மையைக் குடித்திருந்தது.

கரைப்பக்கம் ஹெட்டியும் சாஸ்கியாவும் எதிர்ப்பட்டு நின்று பேசுவது தெரிந்தது. சாஸ்கியா குதிப்பதும் தெரிந்தது. பிறகு அவள் மட்டும் திரும்பி வந்தாள். ஈரச் சட்டை, மூக்கில் மட்டும் இன்னும் கருப்பு. இன்னொரு தூரிகையை எடுத்து எதிரே மண்டியிட்டாள்.

"இது நம்ம மை இல்லையே, நீ ஏன் கழுவுற?"

"யாராவது கழுவணும்ல."

கொஞ்ச நேரம் இருவரும் தேய்த்தார்கள்.

"புத்தாண்டுக்கு நான்தான் வலைன்னு ஹெட்டி சொன்னா. உனக்குப் பரவாயில்லையா?"

"பரவாயில்ல."

"எனக்கு இப்பவே பயமா இருக்கு. நீ வலை போட்டா சட்டையில ஒரு பொட்டுகூடப் படாதாமே. எப்படி?"

மெரின் தேய்ப்பதை நிறுத்தினாள். புத்தாண்டுக் காலை அவள் கண்முன் வந்தது. அந்த ரகசியத்தைச் சொல்லாவிட்டால் போதும். ஊரே பார்க்கும். சாஸ்கியா வலையை அவசரமாகத் தூக்குவாள், மை ஹெட்டியின் கண்ணிலேயே அடிக்கும், கணவாய் துள்ளி விழும். ஹெட்டி கூட்டத்தில் மெரினைத் தேடுவாள். தேடுவாளா? இல்லை, இன்றைப் போலவே உட்கார்ந்து சிரிப்பாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

"வலையில விழுந்ததும் தூக்காத," என்றாள் மெரின், பலகையைப் பார்த்துக்கொண்டே. "தண்ணி மட்டத்துலயே வெச்சிரு. அது துப்பட்டும். ரெண்டு தடவை நல்லாத் துப்பும். அப்புறம் அதுகிட்ட ஒண்ணும் இருக்காது. அப்பத் தூக்கு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். ஆனா ஹெட்டி பக்கத்துலேர்ந்து கத்துவா, தூக்கு தூக்குன்னு. காதுல வாங்காத. அவளுக்குப் பொறுமையே கெடயாது."

"அது எனக்குத் தெரியுமே!" என்று சாஸ்கியா சிரித்தாள்.

மெரின் வாளியில் தூரிகையை முக்கி, இன்னும் அழுத்தித் தேய்க்கத் தொடங்கினாள்.