ஜஸ்டின் விட்ட முப்பத்தெட்டு கோல்கள்

“முப்பத்தெட்டு!” என்றார் தனக்கோடி. “ஒம்போது ப்ராக்டீஸ் மேட்ச்சுல முப்பத்தெட்டு கோலு. ஏம்பா ஜஸ்டின், நீ காவலுக்கு நிக்கிறியா, இல்ல வர்ற பந்துக்கெல்லாம் வழி சொல்லி அனுப்புறியா?”

“பாய்ஞ்சுதான் பாக்குறேன் சார். எட்ட மாட்டேங்குது.”

“போன சீசன்ல எட்டுச்சாம்ல?”

ஜஸ்டின் குனிந்து கையுறையைக் கழற்றினான்.

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி முதலாளிகள் சேர்ந்து சம்பளம் கொடுத்து நடத்துவது மணிமுத்தா எப்.சி. 2006 சீசனில் கடைசிக்கு முந்தின இடம். உடனே பழைய கோச்சுக்கு மாலை போட்டு பஸ் ஏற்றிவிட்டு, இரண்டு பேரைப் புதிதாகக் கொண்டுவந்தார்கள். தலைமைக் கோச் தனக்கோடி. கீப்பருக்கென்று தனியாகப் பழமலைநாதன். அடுத்த சீசன் எப்படி இருக்கும் என்று சனிக்கிழமைக்குள் எழுதித் தரவேண்டும் என்பது முதலாளிகளின் உத்தரவு.

“என்னா எழுதப் போறீங்க?” என்று கேட்டார் பழமலைநாதன்.

“பார்வர்டு லைன் பிரமாதம். கண்ண மூடிக்கிட்டு அடிச்சாலும் உள்ள போவுது. கீப்பர மாத்தணும். சிதம்பரத்துல ஒரு பையன் இருக்கான்.”

இது ஜஸ்டின் காதில் விழும்படியாகவே சொல்லப்பட்டது.

மதியம் வீட்டில் சோறு தட்டிலேயே கிடந்தது.

“ஏங்க, கொழம்பு ஆறிப்போவுது” என்றாள் மனைவி மதலேனா.

“சனிக்கெழமையோட என்ன அனுப்பிடுவாங்க மதலேனா. கையுறைய வித்துட்டு வேற வேலைதான் பாக்கணும்.”

எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமனார் பால்சாமி நிமிர்ந்தார். பீங்கான் கம்பெனியில் முப்பது வருஷம் அச்சு செய்தவர். ப்ராக்டீஸ் மேட்ச்செல்லாம் நடக்கும் புது மைதானத்துக்குச் சவுக்குக் கம்பு வெட்டி இரண்டு கோல் போஸ்ட்டையும் நட்டுக் கொடுத்தது அவர்தான்.

“மாப்ள, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. ஒம்போதடி ஒசரத்துல வர்ற பந்த எகிறிப் புடிக்கணும். நீங்க ஒடம்ப வளக்குறீங்க.”

“எட்டடிங்க மாமா.”

“பேப்பர்ல எட்டுதான். நான் ஒம்போது வெச்சேன்.”

ஜஸ்டினின் கை தட்டிலேயே நின்றது. “அகலம்?”

“பேப்பர்ல இருபத்து நாலு. நான் இருபத்தேழு.”

“ஏம்ப்பா?” என்றாள் மதலேனா.

“என்னா ஏன்? எட்டுக்கு ஒண்ணு கூட்டி வெக்கணும். சுருங்கும்ல?”

“எது சுருங்கும்?”

“சூளையில வெச்சா மண்ணு சுருங்காதா? பெரிசா அச்சு எடுத்தாதான் வெந்து வரப்ப சொன்ன அளவுக்கு...”

பாதியில் நிறுத்திவிட்டார். மோரை எடுத்துக் கொஞ்சம் குடித்தார்.

“சவுக்குக் கம்ப எந்தச் சூளையிலப்பா வெச்சு எடுக்கப் போற?”

“முப்பது வருஷம் யார் அளவு சொன்னாலும் கை தானா கூட்டிடுதும்மா. நான் என்னா பண்றது?”

“எம் புருசன் பொழப்புலயா கூட்டுவ?”

வெள்ளிக்கிழமை காலை மைதானத்தில் டேப்பைப் பிடித்தார்கள். இருபத்தேழு அடி. மேலே ஒன்பது. ஒரு விரற்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“எனக்கும் போஸ்ட்டு ரெண்டும் தூரம் தூரமாத்தான் தெரிஞ்சுது” என்றார் பழமலைநாதன். “வயசாயிடுச்சுன்னு போன வாரந்தான் கண்ணாடி மாத்துனேன்.”

தனக்கோடிக்குச் சிரிக்கவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை. “பெரியவரே, ஒரு கோல இப்பவே சரியான அளவுக்கு வெட்டுங்க. பார்வர்டு அஞ்சு பேரும் ஆளுக்கு நாலு அடிங்க. ஜஸ்டின், இதுல தெரிஞ்சுடும் நீ இருக்கியா போறியான்னு.”

பால்சாமி ரம்பத்தோடு வந்து வெட்டி, இரண்டு கம்பையும் ஒன்றரை அடி உள்ளே தள்ளி நட்டார். இம்முறை மதலேனா பக்கத்தில் நின்று ஒவ்வொரு அளவையும் இரண்டு தடவை வாய்விட்டுச் சொன்னாள்.

முதல் பந்தை அடித்தவன் பாண்டியன், ஒன்பது மேட்ச்சில் பதினேழு கோல் போட்டவன். பந்து போஸ்ட்டுக்கு ஓரடி வெளியே போனது. ஜஸ்டின் அதையும் பாய்ந்து பிடித்தான்.

“டேய், அது வெளிய போற பந்துடா!”

“நேத்து வரைக்கும் அது உள்ளதான் சார்!”

இருபது அடியில் பதின்மூன்று கோலுக்கே வரவில்லை. வந்த ஏழில் ஆறை ஜஸ்டின் பிடித்தான். பிரமாதமான பார்வர்டு லைன் தலையைக் குனிந்து பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“சார், நான் இருக்கேனா?” என்று மூச்சுவாங்கக் கேட்டான் ஜஸ்டின்.

“இருடா. சிதம்பரத்துப் பையன் வேணாம்.” தனக்கோடி பையிலிருந்து அறிக்கையை எடுத்தார். “பார்வர்டு லைன் பிரமாதம்னு எழுதுனத எப்பிடி அடிக்கிறதுன்னுதான் தெரியல.”

ஜஸ்டின் மனைவியைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினான். மதலேனா சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பால்சாமி அந்தப் பக்கத்துக் கோலை நோக்கி நடந்தார். “அப்ப அதையும் அறுத்துடட்டுங்களா?”

“ஐயோ, தொடாதீங்க!” என்று ஓடிவந்தார் பழமலைநாதன். “இது மாதிரி ஒண்ணு எந்த கிளப்புல இருக்குது? இனிமே நம்ம கீப்பருக்கு காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் அதுலதான் ப்ராக்டீஸு. இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம் ஜஸ்டின், வா.”

ஜஸ்டின் மாமனாரைப் பார்த்தான். பால்சாமி ரம்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு அவன் அந்தக் கோலை நோக்கி நடந்தான். இரண்டு போஸ்ட்டுக்கும் நடுவில் ஒரு டவுன் பஸ் தாராளமாகக் குறுக்கே நிற்கலாம் போலிருந்தது.