நிலுவை: பூஜ்யம்

சித்தி தன்னைத்தானே திட்டிக்கொண்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நான்தான் எங்கயாவது தட்டி அழிச்சிருப்பேன். எனக்கு எங்க இந்த போனெல்லாம் புரியுது?"

கண் ஆபரேஷனுக்குத் தேதி சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து குறுஞ்செய்தி வரவேண்டும். வரவில்லை. நேரில் போய்க் கேட்டதற்கு, "அனுப்பியாச்சு, நீங்கதான் வரல" என்று கையை விரித்துவிட்டார்கள். சித்தியின் இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. இனி நாலு மாதம் கழித்துத்தான். தைத்துப் பிழைக்கிறவள், ஊசியில் நூல் கோக்கவே பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுகிறாள். நாலு மாதம் என்ன செய்வாள்?

அந்த ஆஸ்பத்திரியின் செய்திகளை அனுப்புவதே இவள் வேலை பார்க்கும் அலுவலகம்தான். அதற்கான புரோகிராமை பிஎச்பி என்ற கணினி மொழியில் எழுதியவளும் இவளேதான். ஒவ்வொரு செய்தியும் டேட்டாபேஸில் வரிசையாக நிற்கும். புரோகிராம் ஒன்றை எடுக்கும், அனுப்பும், போய்ச் சேர்ந்ததாகப் பதில் வந்த பிறகே அதை அழிக்கும். லைன் கிடைக்காவிட்டால் செய்தி அங்கேயே இருக்கும். சற்றுப் பொறுத்து புரோகிராம் மறுபடி முயலும். வீடு பூட்டியிருந்தால் தபால்காரர் கடிதத்தைச் சாக்கடையிலா போடுவார்?

மறுநாள் காலை முதல் வேலையாக அந்தப் புரோகிராமைத் திறந்து பார்த்தாள். அழிக்கும் கட்டளை, அனுப்பும் கட்டளைக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. முதலில் அழிப்பது, பிறகு அனுப்பிப் பார்ப்பது. போகாவிட்டால் அப்படியொரு செய்தி இருந்ததற்கே தடயமில்லை. மாற்றியவர் டீம் லீடர் என்று அதிலேயே பதிவாகியிருந்தது. நேரே அவரிடம் போனாள்.

"ஏன் சார் இத மாத்தினீங்க?"

அவர் பெருமையாகச் சுவரிலிருந்த பெரிய திரையைக் காட்டினார். இன்னும் போகாத செய்திகளின் கணக்கு, 'நிலுவை: 0' என்று பச்சையாக மின்னியது.

"முன்னாடி நாப்பது அம்பதுன்னு செவப்பா நிக்கும். வர்ற கஸ்டமரெல்லாம் மூஞ்சிய சுளிப்பாங்க. இப்ப பாரு, எவ்வளவு சுத்தம்!"

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சுட்டு சுத்தம்ங்கறீங்களே சார்!"

"இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெயிண்ட் வந்திருக்கா?"

எப்படி வரும்? செய்தி கிடைக்காத பாவங்களெல்லாம் தங்கள் போனையல்லவா நொந்துகொண்டிருக்கின்றன!

தன் இடத்துக்கு வந்து இரண்டு கட்டளைகளையும் பழையபடி மாற்றி வைத்தாள். யாரையும் கேட்கவில்லை. கேட்டுத்தானா அவர் மாற்றினார்?

மத்தியானம் லைன் படுத்துவிட்டது. திரையில் ஒன்று, ஆறு, பதினான்கு என்று ஏறி, முப்பத்தேழில் சிவப்பாக நின்றது. பார்க்க வந்த இரண்டு கஸ்டமர்கள் வாசலிலேயே நின்று அதை அண்ணாந்து பார்த்தார்கள். டீம் லீடர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார்.

"என்னம்மா இது, முப்பத்தேழு?"

"முப்பத்தேழு பேர் சார். லைன் வந்ததும் அத்தனை பேருக்கும் போயிடும்." அவள் எழுந்து நின்றாள். "எங்க சித்தி இதுல இல்ல. அவங்கள நீங்க போன வாரமே அழிச்சிட்டீங்க."