கீழறைக் காற்று

விடியற்காலை ஐந்தரைக்கே ஓப்பநாயக்க ஊரின் பழைய தேயிலை ஆலைக்குள் பம்புகள் உறுமத் தொடங்கிவிட்டன. நிரோஷா ஐஸ் சுற்றிய புரதக் கரைசல் கேன்களை ஒவ்வொன்றாக மேல்மாடிக்குச் சுமந்தாள். விரல்கள் மரத்துப் போயின. தேயிலை போய் மருந்துத்தூள் வந்தது. சுமை மட்டும் போகவில்லை.

கரியமில வாயுவான காபனீரொட்சைட்டை அழுத்தி அழுத்தி, வாயுவென்றும் நீரென்றும் சொல்ல முடியாத நிலைக்குக் கொண்டுவந்து, அதோடு கரைசலைக் கலந்து ஊசித்துளை வழியே பீச்சுவார்கள். அது புகையாய்ச் சிதறி, இளஞ்சூட்டில் காய்ந்து, கீழறையில் மாவாக விழும். சூடு கூடினால் புரதம் கெட்டுவிடுமாம்; அதற்கு அவ்வளவு பக்குவம். அள்ளுகிறவளுக்கு என்ன பக்குவம் பார்த்தார்கள்? கீழறை வாயுவை வெளியே இழுக்கும் விசிறி நின்று நாலு நாளாயிற்று.

நேற்று அங்கே தூள் அள்ளிய வெள்ளையம்மா சுருண்டு விழுந்தாள். பலாங்கொடை ஆஸ்பத்திரியில் இன்னும் சரியாகக் கண் திறக்கவில்லை.

"காலையில சாப்பிடாம வந்திருப்பா," என்றார் முதலாளி. "சரி, இறங்குங்க. பத்து மணிக்குள்ள முடியாட்டி கரைசல் கெட்டுரும்."

யாரும் அசையவில்லை. எல்லாரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் பம்புக்காரர் அப்லால் பெல்மதுளை மாணிக்கக் குழிகளில் பத்து வருசம் இறங்கியவர். டின்னுக்குள் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, கயிறு கட்டிப் படிக்கட்டு வழியே கீழே விட்டார். கீழே மூச்சுவிடக் காற்று இருக்கிறதா என்று குழிக்காரர்கள் இறங்குமுன் பார்க்கும் பரீட்சை அது. கடைசிப் படியை எட்டுமுன்பே சுடர் சுருங்கி அணைந்தது. மறுபடி கொளுத்தினார், மறுபடி அணைந்தது.

"காத்துல அணைஞ்சிருக்கும்," என்றார் முதலாளி.

"காத்து இருந்தா நாங்களே இறங்கிருவோமே, முதலாளி," என்றார் அப்லால்.

முதலாளி நிரோஷா பக்கம் திரும்பினார். "நீ இறங்கு. வேலை நிரந்தரக் கடிதத்துல இன்னிக்கே கையெழுத்துப் போடுறேன்."

மூன்று வருசமாக அவள் கேட்ட கடிதம். அது இல்லாவிட்டால் மாதக் கடைசியில் தொழிலாளருக்கான லயத்து வரிசை வீட்டை விட வேண்டும். அவள் ஓரடி எடுத்து வைத்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கூரைக்கு ஏங்குகிறவளிடம் வீரம் கேட்பது நியாயமில்லை.

கூட வேலை செய்யும் ஜீவராணி தடுக்கவில்லை. "போறதுன்னா போ புள்ள. நீ விழுந்தா தூக்க நான் இறங்குவேன். நானும் விழுவேன். என்னையத் தூக்க அப்லால் நானா இறங்குவாரு."

அப்லால் ஏற்கெனவே சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்.

நிரோஷா எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். படிக்கட்டுக் கதவை இழுத்துச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். "விசிறி ஓடட்டும் முதலாளி. எல்லாருமா இறங்குறோம்."

ஜீவராணி பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்லால் பம்பை நிறுத்திவிட்டு வந்தார். பிறகு ஒவ்வொருவராக, அன்று வேலைக்கு வந்த பதினொரு பேரும் உட்கார்ந்தார்கள். மேல்மாடியில் கேன்களைச் சுற்றி ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

முதலாளி போனை எடுத்தார். பொலிசுக்கா, விசிறி திருத்தும் மெக்கானிக்குக்கா என்று தெரியவில்லை. யாரும் எழுந்திருக்கவில்லை.