பெயிண்ட் மேல் முறுக்கிய போல்ட்

எனக்கு வாய் நீளம். லாரி வயரிங்கில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்ததில், பட்டறையில் மற்றவர்களும் அப்படியே சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

போன வாரம் என் தங்கையின் கணவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த டிரைவர் வேலையில் அவரைச் சேர்த்துவிட்டதே நான்தான். "மச்சான், டெம்பரேச்சர் முள்ளு திடீர் திடீர்னு சிவப்புக்குப் போகுது. ஹெட்லைட் போட்டா எகிறுது, அணைச்சா இறங்குது. டீசல் முள்ளும் கூடவே ஆடுது" என்றார்.

டயர்க்காரரும் வெல்டிங்காரரும் பக்கத்தில் இருந்தார்கள். நான் சும்மா இருப்பேனா? "லைட் போட்டா இன்ஜின் சூடாகுமா மாப்பிள்ள? அப்ப ஹாரன் அடிச்சா பிரேக் பிடிக்குமா?" பட்டறையே சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

தண்ணீர், ஃபேன் பெல்ட் எல்லாம் பார்த்தேன். சென்சாரை மாற்றினேன். பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டேன், முள் நின்ற இடத்திலேயே நின்றது. லைட்டை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. போட்டால் அவர் பேச்சை மதித்ததாக ஆகிவிடுமே.

அடுத்த லோடில் அவர் மூன்று இடத்தில் வண்டியை ஓரம்கட்டியிருக்கிறார். சிவப்பைப் பார்த்த பிறகு ஓட்ட மனசு வரவில்லையாம். சரக்கு அரைநாள் தாமதம். லாரி முதலாளி என்னிடம் விசாரித்தார். "வண்டில ஒரு குறையும் இல்ல, ஓட்டுறவருக்குத்தான் பயம்" என்றேன். சொந்தக்காரனுக்குப் பரிந்து பேசாதவன் என்று பெயர் வாங்க எனக்கு ஆசை வேறு.

இன்று காலை வண்டி மறுபடி வந்தது. கூடவே முதலாளியும் வந்தார். "இன்னிக்கும் ஒண்ணும் இல்லைன்னா சாவிய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று என்னிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். மாப்பிள்ளை தள்ளிப்போய்ப் பழைய டயர்மேல் உட்கார்ந்தார்.

ஒப்புக்குத்தான் கேபினில் ஏறினேன். இன்ஜினை ஓடவிட்டு லைட் சுவிட்சைத் திருகினேன். முள் சிவப்புக்குத் தாவியது. அணைத்தேன், இறங்கியது. டீசல் முள்ளும் கூடவே ஆடியது. எல்லாம் அவர் சொன்னது சொன்னபடி.

இது எர்த் கோளாறு, கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி எங்கோ அடைபட்டிருக்கிறது. வயரிங் கற்றுக்கொள்பவனுக்கு முதல் மாதமே தெரிந்துவிடும். கேபினுக்கு அடியில் நுழைந்து, சேஸிஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்குப் போகும் எர்த் பட்டையைக் கழற்றினேன். அடியில் பளபளவென்று கறுப்பு பெயிண்ட். இரண்டு மாதம் முன்பு சேஸிஸுக்கு அந்தப் பெயிண்டை அடித்தவன் நான். இரும்பு தெரியச் சுரண்டாமல் அதன் மேலேயே பட்டையை வைத்து முறுக்கியவனும் நான். பெயிண்டைத் தாண்டி கரண்ட் எப்படிப் போகும்? லைட் போட்டதும் அது மீட்டர் வழியாகத் திரும்பி முள்ளை ஆட்டியிருக்கிறது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டையை மறுபடி முறுக்கினேன். மீட்டர் பழுது, சரி செய்துவிட்டேன் என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பொய்யை இரண்டு தரம் வாய்க்குள் சொல்லியும் பார்த்துக்கொண்டேன்.

வெளியே வந்து லைட்டைப் போட்டுப் பார்த்தேன், முள் அசையவில்லை. நான் இறங்கியதும் மாப்பிள்ளை எழுந்து நின்றார். "மன்னிச்சிடுங்க மச்சான். என்னால உங்களுக்குக் கெட்ட பேரு. எனக்குத்தான் பாக்கத் தெரியலையோ என்னவோ" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

முதலாளி திரும்பியதும், டயர்க்காரர் காதிலும் விழும்படி சொன்னேன். "தப்பு என்னோடது. பெயிண்ட் மேல எர்த்த வெச்சு முறுக்கிட்டேன். மாப்பிள்ள மொத நாளே சரியாத்தான் சொன்னாரு. நான்தான் கிண்டல் பண்ணிட்டேன்." ஒருவரும் சிரிக்கவில்லை. முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சாவியை மாப்பிள்ளை கையில் கொடுத்தார்.

அவர் வண்டியில் ஏறப்போனவர் நின்றார். "வீட்டுக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க மச்சான். நான் சொன்னா நம்பமாட்டா."

உன் வீட்டுக்காரருக்கு வண்டி என்றாலே நடுக்கம் என்று தங்கையிடம் சொல்லியிருந்ததும் நான்தான். போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டாள்:

"என்னண்ணா, அவரு மறுபடி என்ன பண்ணிட்டாரு?"