ஒரு சத்தத்துக்கு மூன்று கம்பி

பாண்டிச்செல்வி பியானோவின் மூடியைத் திறந்ததும் நரசிம்மன் உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது.

“ஒரு கட்டைக்கு எத்தனை கம்பி?”

“மூணு சார்.”

“மூணும் என்ன பண்ணுது?”

“ஒரே சத்தம்தான் சார்.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஒரகடத்தில் வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்கும் விடுதி அது. நரசிம்மன் மேனேஜர். முன்பு கார் ஹாரன் செய்யும் கம்பெனியில் எச்.ஆர். பாண்டிச்செல்வி அங்கே ஆறு வருஷம் ஹாரன் சத்தத்தைக் கேட்டுச் சோதித்தாள். சரியாக ஒலித்தால் ஓகே, இல்லையென்றால் என்.ஜி. அந்த மேஜையில் மூன்று பேர். ஒரு வேலைக்கு மூன்று பேர் எதற்கு என்று கண்டுபிடித்தவர் நரசிம்மன். இரண்டு பேர் வெளியே வந்தார்கள், அவள் அதில் ஒருத்தி. பிறகு எச்.ஆருக்கும் மூன்று பேர் தேவையில்லை என்று அவரே அறிக்கை எழுதினார். அறிக்கை நன்றாக இருந்தது. அவரையும் அனுப்பினார்கள்.

அவள் சென்னையில் ஒரு கடையில் எட்டு மாதம் பியானோ ட்யூனிங் கற்றாள். கடைக்கார மரகதம் நேற்றுச் சொன்னது இதுதான்: “முதல் வேலைத்தாள்ல கஸ்டமர் கையெழுத்தோட வா. வேலை உனக்கு.” கையெழுத்து இல்லையென்றால் ஊருக்குத் திரும்பி, கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வேலைதான்.

“ரெண்டு கம்பிய எடுத்துடும்மா.”

“சத்தம் மெலிஞ்சிரும் சார்.”

“ஆரம்பத்துல அப்படித்தான் தோணும். ஒரு மாசத்துல பழகிடும்.”

இடது கோடியில் செம்பு சுற்றிய தடித்த கம்பிகள், கட்டைக்கு ஒன்றுதான். அவற்றை அவர் தட்டிக் கொடுத்தார். “இவங்களப் பாரு. தனி ஆளா பண்றாங்க.”

மூடியைத் தூக்க உதவிய வாட்ச்மேன் தாண்டவராயன் சும்மா இருக்கவில்லை. “அதுக்கு இந்தப் பொட்டி இன்னாத்துக்கு சார்? எங்க எருமை கழுத்துல ஒரு மணி கீது. கயட்டியாந்து தர்றேன்.”

“நீ கேட்டுக்குப் போய்யா.”

பாண்டிச்செல்வி நீளக் கம்பளித் துணியைக் கம்பிகளுக்கு நடுவே செருகிக்கொண்டே போனாள். பக்கத்துக் கம்பிகளின் வாயை அது அடைக்கும். நடுக்கம்பியை முதலில் சரிசெய்ய வேண்டும். வேலையின் முறையே அதுதான்.

பன்னிரண்டு மணிக்கு நரசிம்மன் ஒரு கட்டையைத் தட்டினார். ஒல்லியாக ஒரு சத்தம் வந்தது.

“ரெண்டு பேரையும் எடுத்துட்டியா?”

“இப்பம் வேலையில இல்ல சார்.”

“அவ்ளோதான்! தாளக் குடு.”

தாள் பையில் இருந்தது. கையை விட்டாள். துணியை அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். கடையில் வேறு துணி இருக்கிறது. இன்னொரு முறை கட்டையைத் தட்டினாள். என்.ஜி.

“இன்னும் முடியல சார்.”

அவர் சாப்பிடப் போனார். அவள் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினாள். ஒவ்வொரு பக்கத்துக் கம்பியும் நடுக்கம்பியோடு சேராமல் ‘வோங், வோங்’ என்று அலைந்தது. ட்யூனிங் சாவியால் கம்பியை முறுக்கினாள். அலை நீண்டு, மெதுவாகி, நின்றது. அடுத்தது.

மூன்றரைக்கு நரசிம்மன் வந்து ஒரு கட்டையை அழுத்தினார். எழுந்த சத்தத்தில் கையை வெடுக்கென்று எடுத்தார்.

“திரும்ப வேலைக்கு எடுத்துட்டியா?”

“ஆமா சார்.”

“எல்லாரையுமா?”

“எல்லாரையும்.”

“யாரக் கேட்டு? இத்தனை பேரைப் பர்மனன்ட் பண்ணா நான் மேல என்னம்மா பதில் சொல்றது? கையெழுத்துப் போட மாட்டேன்.”

தீப்பெட்டி ஆபீஸின் மருந்து வாசனை அவள் மூக்கில் ஏறியது.

“பர்மனன்ட் இல்ல சார். ஆறு மாசந்தான் விறைப்பா நிப்பாங்க. பெறவு தளந்துருவாங்க.”

அது உண்மைதான்.

“அப்புறம்?”

“நான் வந்து புதுப்பிக்கணும்.”

“நடுவுல நிக்கிறவர்?”

“அவரும்தான் சார்.”

“அந்தத் தடியனுங்க?”

“எல்லாருந்தான்.”

“அப்ப யாருமே பர்மனன்ட் இல்ல?”

“யாருமே இல்ல சார்.”

நரசிம்மன் முகம் தெளிந்தது. கையெழுத்துப் போட்டார். கீழே ‘அனைவரும் ஆறு மாத ஒப்பந்தம்’ என்று எழுதி, ஒப்பந்ததாரர் என்று அவள் பெயரைப் போட்டார். பியானோவுக்குள் இருந்த இருநூற்றுச் சொச்சம் பேர் அவள் பொறுப்பில் வந்தார்கள்.

“கேன்டீன், பஸ்னு எதுவும் கேக்கக் கூடாது.”

“கேக்க மாட்டாங்க சார். நான் பாத்துக்கிடுதேன்.”