செவலை மேய்ந்த மூலை

என் அண்ணன் ஜிர்மோவின் கை விளங்காத கை என்று பன்னிரண்டு வருஷமாக ஊர் சொல்லிக்கொண்டிருக்கிறது. சொன்னவர்களோடு நான் சண்டை பிடித்திருக்கிறேன். ஒருத்தியின் பால்குடுவையைப் பிடுங்கி எறிந்திருக்கிறேன். உண்மையை மட்டும் சொன்னதில்லை.

மாடு மேய்த்துப் பிழைக்கும் எங்கள் போரானா மண்ணில் கன்றுக்குட்டிகளுக்கென்று முள்வேலி போட்டு ஒரு புல்வெளியை ஒதுக்கி வைப்போம். பெரிய மாடு அதற்குள் கால் வைக்கக்கூடாது. வேலிவாசலை அடைக்கிற முள்ளுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் காவல். மழைக்கு முன்னால் புல்லுக்குத் தீ வைப்பது வழக்கம். புல்லுக்குள்ளே முள்மரக் கன்றுகள் ஒளிந்திருக்கும். தீ போனால் அவை கருகி, வேரிலிருந்து மறுபடி துளிர்த்து, முழங்கால் உயரத்திலேயே நிற்கும். அதற்குள் புல் எழும்பிவிடும். இரண்டும் அப்படித்தான் ஒன்றாகக் காலம் தள்ளும். ஆனால் தீ ஓட வேண்டுமென்றால் காய்ந்த புல் நிற்க வேண்டும். இது தெரியாதவளா நான்?

அந்த வருஷம் கடும் வறட்சி. வீட்டுக்காரர் மந்தையோடு தூரத்து மேய்ச்சலுக்குப் போயிருந்தார். வீட்டில் கைக்குழந்தை தார்மியும், ஒரே ஒரு பால்மாடு செவலையும்தான். என் மார்பு வற்றிவிட்டது. செவலையும் வற்றினால் பிள்ளை போய்விடும். ஊரே கிணற்றடிக்குப் போயிருந்த ஒன்பது பகல்கள், முள்ளை விலக்கிச் செவலையை உள்ளே விட்டேன். ஒரு மூலையை அது மொட்டையடித்தது. தார்மி பிழைத்தாள்.

தீ வைப்பது அண்ணன் வேலை. அவன் காற்றைப் பார்த்து வைத்தால் பிசகாது என்பார்கள். அன்றைக்குத் தீ நன்றாக ஓடிவந்து, அந்த மூலையில் நின்றுபோனது. அண்ணன்தான் முதலில் அங்கே ஓடினான். எல்லாரும் வந்து சேர்ந்தபோது, "காத்து திரும்பிடுச்சு" என்றான். அதற்கப்புறம் தீப்பந்தத்தை அவன் கையில் யாரும் கொடுக்கவில்லை.

மூலையில் தீக்குத் தப்பித்த முள்மரக் கன்றுகள் ஆள் உயரம் தாண்டின. அப்புறம் தீ அவற்றை ஒன்றும் செய்யாது. அவற்றின் அடியில் புல் செத்தது. புல் செத்த இடத்தில் அடுத்த தீயும் நின்றது. இப்படியே புதர் வருஷா வருஷம் முன்னால் வந்து பாதி வெளியைத் தின்றுவிட்டது.

இந்த வருஷம் கூட்டத்தில், வெளியையே கைவிட்டுவிடலாமா என்று பெரியவர் ஹலாக்கே கேட்டார். எங்கள் கூட்டங்களில் கொடுக்கிற, வெண்ணெயில் பொரித்த காப்பிக்கொட்டையை மென்றுகொண்டே ஊர்க்காரன் வாரியோ சிரித்தான்.

"பேசாம ஜிர்மோகிட்ட பந்தத்தைக் குடுங்க. மிச்சமும் காடாயிடும்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தத் தலை முழுக்க நரைத்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எழுந்துவிட்டேன்.

"வாயை மூடுடா வாரியோ. அந்த மூலையில அன்னிக்குப் புல்லே இல்ல. என் செவலை தின்னுடுச்சு. நான்தான் முள்ளை விலக்கி விட்டேன். ஒம்போது நாளு."

ஹலாக்கே அண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஜிர்மோ, உன் தங்கச்சி சொல்றது நெசமா?"

"இல்ல பெரியப்பா. காத்துதான் திரும்புச்சு. இவளுக்குப் புத்தி கலங்கியிருக்கு."

காவல் தப்பியவள் வீட்டுக் கன்றுகள் ஒரு மழைக்காலம் முழுக்க வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். அதுதான் எங்கள் கட்டுப்பாடு. அதற்காகத்தான் அவன் பொய் சொல்கிறான் என்று எனக்குப் புரிந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது.

"அண்ணா, உனக்கு அப்பவே தெரியுமா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. மண்ணைப் பார்த்தே பேசினான்.

"தீ நின்ன எடத்துக்கு மொதல்ல போனது நான்தானே, தூமே. பெரிய மாட்டுச் சாணி கெடந்துச்சு. மத்தவங்க வர்றதுக்குள்ள காலாலயே சாம்பலைத் தள்ளி மூடிட்டேன். தார்மி அப்ப இத்துனூண்டு இருந்தா."

மண்ணிலேயே உட்கார்ந்து அழுதேன். பன்னிரண்டு வருஷமாக ஊர் வாயை அடைக்க நான் போட்ட சண்டையெல்லாம் அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

ஹலாக்கே தீர்ப்புச் சொன்னார்.

"தூமே வீட்டுக் கன்னுங்க இந்த மழைக்கு வெளியே நிக்கட்டும். புதருக்குக் கோடாலிதான் வழி, எல்லாரும் வாங்க. கன்னுங்களுக்கு நிழலுக்கு ரெண்டு மரத்தை விட்டுடுங்க. மிச்சப் புல்லுக்குத் தீ வைக்கணும்." அண்ணனைப் பார்த்தார். "ஜிர்மோ, காத்து எப்படி இருக்கு?"

இந்தக் கேள்வியைப் பன்னிரண்டு வருஷமாக யாரும் அவனிடம் கேட்கவில்லை. அண்ணன் எழுந்தான். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, கையை உயர்த்திக் காற்றில் விட்டான். பழக்கம் விட்டுப்போனதில் மொத்தமாகக் கொட்டிவிட்டான்; மண் எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை.

ஊர் காத்திருந்தது. அவன் இன்னொரு பிடி அள்ளினான்.