தலைவரின் தாள்

அயர்லாந்துக்காரர்களுக்கே உரிய கேலிக் (Gaelic) கால்பந்தில், எங்கள் மாவட்ட அணியின் கோல்கீப்பர் கொல்ம் என்பவனைப் பற்றி நான் கெட்டதாக ஒன்றும் சொல்லமாட்டேன். நல்ல பையன். மாடுகன்றை அருமையாகப் பார்த்துக்கொள்வான். பந்தைத்தான் பார்க்கமாட்டான். 1987 கோடையில் ஒரே ஆட்டத்தில் ஏழு கோல் விட்டான். அவனுக்கு மாற்று ஆளாக மூன்று வருடம் பெஞ்சைத் தேய்த்தவன் என் தம்பி மலாக்கி. அணியைப் பொறுக்குவது மாவட்ட வாரியம். வாரியத் தலைவர் ஃபெஸ்டஸ், கொல்மின் மாமனார். இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

மலாக்கிக்கு முப்பத்திரண்டு வயது ஆகிவிட்டது. "இந்தத் தடவையும் ஒண்ணும் நடக்கலன்னா நான் பாஸ்டனுக்குப் போறேன்க்கா," என்றான். வீட்டில் மிச்சமிருப்பது அவன் ஒருவன்தான்.

அணியைப் பொறுக்கும் அதிகாரத்தை வாரியத்திடமிருந்து பிடுங்கி ஒரு பயிற்சியாளரிடம் கொடுக்கச் சொல்லி, எங்கள் கிளப் செயலாளராக நான் மூன்று முறை தீர்மானம் அனுப்பினேன். மூன்றும் தள்ளுபடி. காரணம், தாள்! வாரியத்துக்கு எழுதுவதெல்லாம் அயர்லாந்தில் செய்த தாளில் இருக்கவேண்டும் என்பது விதி. வாரியச் செயலாளர் ஜார்லத் ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். தாளுக்குள் நம் நாட்டு ஆலையின் முத்திரை மங்கலாகத் தெரியவேண்டும். முதல் வருடம் என் தாள் இங்கிலாந்து. அடுத்த வருடம் தாள் சரி, உறை இங்கிலாந்து. மூன்றாம் வருடம் இரண்டும் சரி. இணைப்பாக வைத்த கோல் பட்டியல் பள்ளிக்கூட நோட்டில் கிழித்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு பாவியும் படிக்கவில்லை.

அந்த 1987 டிசம்பரில் டப்ளின் வரை போய்த் தாள் வாங்கி, அதே தீர்மானத்தை நான்காம் முறை எழுதினேன். வீம்புக்குத் தலைவர் பதவிக்கும் என் பெயரைக் கொடுத்தோம்.

ஆண்டுக்கூட்டத்தில் நுழைந்ததுமே ஃபெஸ்டஸ் ஆரம்பித்தார். "வாம்மா அட்ராக்டா! இந்த வருஷம் எதுல எழுதிருக்க, கிறிஸ்துமஸ் அட்டையிலயா?"

கூடமே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜார்லத் என் வேட்புமனுவைத் தூக்கிப் பிடித்தார். "முத்திரை இருக்கு. ஏற்பு. அடுத்தது நம்ம தலைவரோடது, வழக்கம்போல ஏற்பு."

"அதையும் தூக்கிப் பிடிங்க," என்றேன்.

"தலைவரோடத எதுக்கும்மா?"

"ஏன், அவரு தாள் மட்டும் வானத்துலேர்ந்தா வந்துச்சு?"

"புடிய்யா!" என்று பின்வரிசை கத்தியது.

விதி என்றால் ஜார்லத் பெற்ற அப்பனையும் வெளியே அனுப்புவார். பிடித்தார். திருப்பிப் பிடித்தார். "இங்கிலாந்து," என்றார், துக்கம் விசாரிக்கும் குரலில்.

ஃபெஸ்டஸ் துள்ளி எழுந்தார். "கொல்ம்தான்யா வாங்கிட்டு வந்தான்!"

"அடக் கடவுளே, அதையும் உள்ள விட்டுட்டானா!" என்றது பின்வரிசை.

போட்டியில் மிஞ்சியது நான் ஒருத்திதான். தேநீர் ஆறுவதற்குள் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் நின்ற மலாக்கி, "அக்கா, இனிமே நீதான டீம் போடுவ!" என்று கூவிவிட்டு, பந்தைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான்.

ஜார்லத் என்முன் ஒரு தாளை வைத்தார். "உங்க கிளப் தீர்மானம், தலைவரே. டீம் பொறுக்குற அதிகாரம் வாரியத்துக்கு வேணாம்னு. இன்னைக்கு இருக்குற சூட்டுல எல்லாருமே கை தூக்குவாங்க. தாள நீங்களே பாத்துருங்க."

ஜன்னலுக்குப் போனேன். தூக்கிப் பிடித்தேன். முத்திரை பளிச்சென்று இருந்தது. தாளுக்கு அப்பால், முற்றத்தில், மலாக்கி சுவரில் பந்தடித்துப் பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டை விட்டான். எந்தப் பயிற்சியாளர் இவனை எடுப்பான்?

என் கட்டைவிரல் தானாக நகர்ந்து முத்திரைமேல் உட்கார்ந்தது.

"இருக்கா தலைவரே?"

"தெரியலையே ஜார்லத்," என்றேன். "நம்ம ஊர்த் தாள் மாதிரி இல்ல."

ஃபெஸ்டஸ் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, முதல் ஆளாகக் கைதட்டினார்.